சென்ட்ரிங் பிரித்த பிறகு

ரோமுக்குப் போகிறவர்கள் முதல் வேலையாகப் பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயிலுக்குள் நுழைந்து அண்ணாந்து பார்ப்பார்கள். நானும் பார்த்தேன். குவிமாடத்தின் விட்டம் 43 மீட்டருக்குச் சற்று மேல். கம்பி போடாத கான்கிரீட் குவிமாடங்களில் உலகிலேயே பெரியது இன்றும் அதுதான். ஆனால் அதை எப்படிக் கட்டினார்கள் என்பதை அங்கே நின்று கண்டுபிடிக்க முடியாது. அடியில் கனமான டிராவர்டைன் கல், மேலே போகப்போகச் செங்கல் துண்டு, உச்சியில் துளைத்துளையான லேசான எரிமலைக்கல் என்று ஜல்லியை மாற்றிக்கொண்டே போயிருக்கிறார்கள். அடியில் 6 மீட்டர் அளவுக்குத் தடித்த கூரை, உச்சித் துளையருகே ஒன்றேகால் மீட்டர் அளவுக்கு இளைத்துவிடுகிறது. இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்ட சங்கதி. கண்ணுக்குப் படுவது பளிங்கும் பூச்சும்தான். ரோமானியர் கட்டுமானத்துக்கு உடைந்த கட்டடமே நல்ல வாத்தியார் என்பது என் கட்சி.

அந்தக் கட்சியில் நான் சேர்ந்த இடம் மாக்சென்டியஸ் பசிலிக்கா. கி.பி. 308 வாக்கில் ரோமானியப் பேரரசன் மாக்சென்டியஸ் தொடங்கிய பொது மண்டபம். 312இல் மில்வியன் பாலத்துச் சண்டையில் அவன் செத்தான். ஜெயித்த கான்ஸ்டன்டைன் வேலையை முடித்துத் தன்னுடையதாக்கிக்கொண்டான். நடுக்கூடத்தின் கூரை சுமார் 35 மீட்டர் உயரத்தில் இருந்தது. பீப்பாய் வடிவ வளைவுகள் இரண்டு ஒன்றையொன்று குறுக்கே வெட்டினால் வரும் வடிவம். அப்படி மூன்று, வரிசையாக. இன்று அது இல்லை. 1349 நிலநடுக்கத்தில் விழுந்திருக்கும் என்கிறார்கள். வடபுறத்துப் பீப்பாய் வளைவுகள் மூன்று மட்டும் நிற்கின்றன. அவையே கழுத்தை வலிக்கவைக்கும் அளவுக்குப் பெரியவை.

எல்லோரும் அந்த மூன்றையும் படமெடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். பார்க்கவேண்டியது அவற்றுக்கு நடுவே இருக்கும் சுவர்களின் முகப்பை. உயரே, விழுந்துபோன நடுக்கூரையின் அடிப்பகுதி ஒரு மொத்தையாகச் சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. கீழே தாங்க எதுவும் இல்லை. அங்கே ஒரு காலத்தில் பளிங்குத் தூண்கள் நின்றன. எட்டில் மிஞ்சிய ஒன்றையும் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போப் ஐந்தாம் பவுல் பெயர்த்துக்கொண்டுபோய் சான்டா மரியா மஜ்ஜோரே தேவாலயத்தின் முன்னால் நிறுத்திவிட்டார். தூண் போயும் மொத்தை விழவில்லை. கலவை இறுகிப் பின்சுவரோடு ஒரே கல்லாகிவிட்டதால், பாரம் சுவர் வழியாகவே இறங்கியிருக்கிறது. தூண்கள் பெரும்பாலும் பார்வைக்குத்தான்.

ரோமானியர் கான்கிரீட்டை நாம் தளம் போடுவதுபோல் கொட்டவில்லை. சுண்ணாம்பும் எரிமலை மண்ணும் சேர்ந்த கெட்டிக் கலவையைப் பரப்பி, அதன்மேல் கைப்பிடி அளவுக் கற்களைக் கையாலேயே அடுக்கி, மறுபடி கலவை, மறுபடி கல் என்று வரிவரியாக ஏற்றினார்கள். உடைந்த இடங்களில் அந்த வரிகள் அப்படியே தெரிகின்றன. நேப்பிள்ஸ் பக்கத்து மண்ணைச் சுண்ணாம்போடு சேர்த்தால் தண்ணீருக்கடியிலும் இறுகும் என்று கி.மு. முதல் நூற்றாண்டிலேயே கட்டடக்கலைஞர் வித்ருவியஸ் எழுதிவைத்தார். ரோம் நகரத்துக்காரர்களுக்கு அவ்வளவு தூரம் போகவேண்டிய அவசியமில்லை. பக்கத்திலேயே எரிமலை மண் குழிகள் இருந்தன.

மண்ணைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், மரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கலவை இறுகும்வரை அத்தனை பாரத்தையும் தாங்கியது சென்ட்ரிங்தான். அதன் தடத்தைப் பார்க்கப் பேரரசன் நீரோவின் பொன்மாளிகைக்குப் போகவேண்டும். கி.பி. 64ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பிறகு கட்டியது. பின்னால் வந்த பேரரசன் டிராஜன் அதன்மேல் குளியல் மண்டபம் எழுப்பியதில் பூமிக்கடியில் போய்விட்டது. தலைக்கவசம் மாட்டித்தான் உள்ளே விடுகிறார்கள். வெளியே கொளுத்துகிற வெயிலில் வரிசையில் நின்றவனுக்கு உள்ளே பல் கிட்டுகிறது. எண்கோணக் கூடத்தின் கூரை எட்டு முகமாகத் தொடங்கி, மேலே ஏற ஏற மூலைகள் மழுங்கி வட்டமாகிவிடுகிறது. பூச்சு உதிர்ந்துபோன பரப்பில் பலகைகளின் அச்சு பட்டைபட்டையாக இன்னும் இருக்கிறது. இப்படி நழுவி மாறும் வடிவத்தை முதலில் மரத்தில் செய்து காட்டியிருக்கிறான் தச்சன். கான்கிரீட் அதை நகலெடுத்தது, அவ்வளவுதான்.

ஆப்பியன் சாலையோரம் மாக்சென்டியஸின் தேரோட்டத் திடலில் பாரத்தைச் சமாளிக்க வேறொரு உபாயம். இடிந்த வளைவுகளுக்குள்ளிருந்து உடைந்த ஜாடிகளின் வயிறு எட்டிப் பார்க்கிறது. எண்ணெய் வந்திறங்கிய காலி ஜாடிகளைக் கலவைக்குள் புதைத்துவிட்டார்கள். பாரமும் குறைந்தது, கலவையும் மிச்சம்.

ரோமானியக் கான்கிரீட் தன் விரிசலைத் தானே அடைத்துக்கொள்கிறது என்று 2023இல் ஓர் ஆய்வு வந்து செய்திகளில் அடிபட்டது. கலவையில் கரையாமல் கிடக்கும் சுண்ணாம்புக் கட்டிகள் தண்ணீர் பட்டால் கரைந்து விரிசலை மூடுமாம். இருக்கலாம். ஆனால் பாந்தியன் குவிமாடத்திலேயே மேலிருந்து கீழாக ஓடும் பெரிய விரிசல்கள் உண்டு. அவை மூடிக்கொள்ளவில்லை, கட்டடமும் விழவில்லை. தடித்த சுவர் வெளிப்புறத் தள்ளலை வாங்கிக்கொள்கிறது. துருப்பிடித்து உப்பிக் கான்கிரீட்டைப் பிளக்க உள்ளே கம்பி கிடையாது. மாயக் கலவை என்று கதை கட்டுவதைவிட இதைச் சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது.

தெர்மினி ரயில் நிலையத்தின் எதிரே, உடையாமல் தப்பிய கூரை ஒன்று இருக்கிறது. 306 வாக்கில் முடிந்த டயோக்ளீஷியன் குளியல் மண்டபத்தின் நடுக்கூடம். 1560களில் மைக்கலாஞ்சலோ, எண்பது தாண்டிய வயதில், அதை சான்டா மரியா டெல்யி ஆஞ்சலி தேவாலயமாக்கினார். பழைய வளைவுகளை விட்டுவைத்தார். இங்கே வருகிறவர்கள் மேலே பார்ப்பதைவிடக் கீழே பார்ப்பதுதான் அதிகம். 1702இல் வானியலாளர் பியாங்கினி தரையில் பதித்த பித்தளைக் கோடு அங்கே ஓடுகிறது. சுவரில் உயரே போட்ட துளை வழியாக நடுப்பகலில் வெயில் அதன்மேல் விழும். போப்பின் நாட்காட்டியைச் சரிபார்க்கச் செய்த கருவி அது; ஒரு மயிரிழை ஆடினாலும் கணக்குத் தப்பிவிடும். புதுக் கட்டடம் என்றால் சுவர் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும். இது கட்டி அப்போதே ஆயிரத்து நானூறு வருஷம் ஆகியிருந்ததால் இறங்கவேண்டியதெல்லாம் இறங்கி முடிந்திருந்தது என்பதும் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம்.