கல்முனைக் கரையில் விஜய் ஐயரின் பியானோ

கிழக்கிலங்கையின் கல்முனை பஸ் நிலையத்தில் இறங்கியதும் நல்ல ஒலிபெருக்கி ஒன்றைத் தேடித்தான் நடந்தேன். ஜாஸ் பியானோக் கலைஞர் விஜய் ஐயரின் 'ஹிஸ்டோரிசிட்டி' ஆல்பத்தை இயர்போனில் பலமுறை கேட்டாயிற்று. ஆனால் ஒரு அறையை நிறைத்து ஒலிக்கும்போதுதான் அதன் எடை தெரியும். கணக்குப் படித்தவர்களுக்கான இசை அது, நம்மூர்க் காதுக்கு எட்டாது என்று சொன்னவர்கள் நிறைய. எட்டுமா எட்டாதா என்று இந்தக் கரையிலேயே போட்டுப் பார்த்துவிட நினைத்தேன்.

பிரதான வீதியில் ஒரு காலத்தில் கசெட் விற்ற கடையை விசாரித்தேன். இன்னும் இருக்கிறது என்றார்கள். போய்ப் பார்த்தால் கண்ணாடி அலுமாரி நிறைய போன் கவர்களும் சார்ஜர்களும்தான். பின்பக்க ஒழுங்கையில், கலியாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுக்கும் கடை கிடைத்தது. தரையெல்லாம் வயர்ச் சுருள்கள். பற்றவைத்த ஈயத்தின் வாடை மூக்கில் ஏறியது. ஆளுயரப் பெட்டிகள் இரண்டு சுவரோரம் நின்றன. கடையிலிருந்த தம்பி என் போனை வாங்கி இணைத்தார்.

முதல் உருப்படிக்கு ஆல்பத்தின் பெயரேதான். பியானோவின் இடக்கை அலைபோல் புரள, மார்கஸ் கில்மோரின் டிரம்ஸ் அதை ஒட்டியும் வெட்டியும் ஓடியது. இயர்போனில் நான் கவனிக்காத ஸ்டீபன் கிரம்பின் பாஸ், இங்கே காலடித் தரையையே அதிரவைத்தது.

"பாட்டுக்காரன் எப்ப வருவான் காக்கா?" என்று தம்பி கேட்டார்.

"வரமாட்டான். மூணு பேரும் வாசிக்கிறது மட்டுந்தான்."

அவர் தலையாட்டிவிட்டு ஒரு மைக்கைக் கழற்றத் தொடங்கினார். மூன்றாவது உருப்படி 'கலாங்' வந்ததும் கை நின்றது. கேட்காமலே எழுந்து சத்தத்தைக் கூட்டினார். அது எம்.ஐ.ஏ. என்னும் மாயா அருள்பிரகாசத்தின் பாடல். சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, அகதியாய் லண்டன் போனவர் 2003இல் வெளியிட்டது. அதிலிருந்த பேச்சையும் இயந்திரத் தாளத்தையும் எடுத்துவிட்டு, பியானோவின் அடிக்கட்டைகளில் இடியாக இறக்கியிருக்கிறார் ஐயர். இதெல்லாம் தம்பிக்கு நான் சொல்லவில்லை. சொல்லாமலே பிடித்துவிட்டது.

500 ரூபாவுக்கு ஒரு சின்ன ஸ்பீக்கரை மாலைவரை வாடகைக்கு எடுத்துக்கொண்டேன். ஓட்டோவுக்கு 300 கொடுத்துக் கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிவாசலுக்குப் போனேன். அங்கே நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகை பெயரில் ஆண்டுதோறும் கொடியேறும். அந்த நாட்களில் பக்கீர் பாவாக்கள் றபான் என்ற கைப்பறையை அடித்து, பைத் என்ற துதிப்பாடல்களைப் படிப்பார்கள். நான் போனபோது விழா இல்லை. மணலில் வெயிலும் கருவாட்டு வாடையும் மட்டும் இருந்தன. பள்ளி வளவுக்குள் இசை போடுவது மரியாதையில்லை என்பதால், தள்ளியிருந்த மீன்வாடி ஒன்றின் நிழலுக்குப் போனேன். வலை பொத்திக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில், இளவயதில் றபான் அடித்துத் திரிந்த முதியவர் ஒருவர் இருந்தார். கேட்க விருப்பமா என்றேன். போடச் சொன்னார்.

'டோகன் ஏ.டி.' போட்டேன். ஜூலியஸ் ஹெம்பில் என்ற கறுப்பின சாக்ஸபோன் கலைஞர் 1972இல் ஒலிப்பதிவு செய்தது. இந்த ஆல்பத்தில் கிரம்ப் பாஸை வில்லால் உரசி வாசிக்கிறார். வாளால் மரம் அறுப்பதுபோல ஒரு கரகரப்பு. தாளச் சுற்று பதினொன்று. முதியவரின் விரல்கள் முழங்காலில் தட்டத் தொடங்கின. முதலில் தடுமாறின, பிறகு நின்றன. கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மறுபடி தட்டினார், இம்முறை பிசகவில்லை.

"ஒரு அடி கொறயுது மகன். வேணுமெண்டே விடுறான். ஆனா நடை தவறல்ல" என்றார்.

பன்னிரண்டில் ஒன்று குறைய பதினொன்று. நான் விரல் மடக்கி எண்ணிப் பிடித்ததை அவர் தட்டியே பிடித்துவிட்டார். ஐயர் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்தவர். தாளத்தை மூளை மட்டும் அறிவதில்லை, உடம்பும் சேர்ந்தே அறிகிறது என்பதுதான் 1998இல் பெர்க்லியில் அவர் முடித்த முனைவர் பட்ட ஆய்வின் சாரம். அதற்குச் சாட்சி வேண்டுமென்றால் இந்த முழங்கால் போதும். அமெரிக்காவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த ஐயர், மூன்று வயதிலிருந்து வயலின் முறையாகப் படித்தவர். பியானோவைப் பெரும்பாலும் காதால் கேட்டே பழகிக்கொண்டார்.

அடுத்து 'மிஸ்டிக் புரூ'. ரோனி ஃபாஸ்டரின் பழைய மெட்டு. 5, 8, 13 என்று வளரும் பிபனாச்சி எண்களின் விகிதத்தில் இதன் காலத்தைப் பங்கிட்டிருப்பதாக ஐயரே எழுதியிருக்கிறார். வாடியில் யாரும் எண்ணவில்லை. வலை ஊசி ஓடிக்கொண்டே இருந்தது. முடிந்ததும் ஒருவர், "திருப்பிப் போடுங்க" என்றார்.

அங்கிருந்து அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறினேன். சாய்ந்தமருது தாண்டினால் காரைதீவு. சந்தியில் சுவாமி விபுலாநந்தர் சிலையாக நிற்கிறார். 1892இல் இந்த ஊரில் பிறந்து, விஞ்ஞானம் படித்து, விஞ்ஞானம் கற்பித்தவர். பழந்தமிழ் யாழின் சுருதிகளை எண் கணக்கால் மீட்டெடுக்க முயன்ற அவருடைய 'யாழ் நூல்' 1947இல் அரங்கேறியது. அதே ஆண்டில் அவரும் மறைந்தார். கணக்கும் இசையும் இந்தக் கரைக்குப் புதிதல்ல என்பதற்கு வேறு ஆதாரம் தேவையில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இந்தச் சந்தியால் தினமும் போகிறார்கள். அவர்களுக்கு யாராவது கணக்கையும் இசையையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

'ஹிஸ்டோரிசிட்டி' 2009இல் ஜெர்மனியின் ஆக்ட் நிறுவனம் வெளியிட்டது. மொத்தம் பத்து உருப்படிகள். புதிதாகக் கேட்பவர்கள் 'மிஸ்டிக் புரூ'வில் தொடங்கிப் பிறகு 'டோகன் ஏ.டி.'க்குப் போங்கள். போனின் சொந்த ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள், பாஸ் காணாமல் போய்விடும். பக்கத்தில் தாளம் தட்டத் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் அவரையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள்.