கோணமலையும் அம்மம்மாவின் பாட்டும்

திருகோணமலையைக் காண விரும்புவோர் விடியற்காலையில் சுவாமி மலைக்கு ஏறவேண்டும். பிரட்றிக் கோட்டையின் வாயிலைக் கடந்து, புல் மேயும் புள்ளிமான்களைப் பார்த்தவாறு நடந்தால், மலையின் விளிம்பில் கோணேசர் ஆலயம் தோன்றும். அதற்கப்பால் நிலம் இல்லை. செங்குத்தான பாறையும், அதன் அடியில் ஓயாது மோதும் கடலுமே உண்டு. தெற்கே கொட்டியாரக்குடா விரிந்து கிடக்கும். அதனையடுத்து, குன்றுகள் சூழ்ந்து காவல் நிற்க, உட்துறைமுகம் துயில்வதுபோல் அமைந்திருக்கும்.

ஆழமும் அமைதியும் ஒருங்கே வாய்ந்த இத்துறைமுகத்துக்காகப் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் யாவரும் போட்டியிட்டனர். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இங்கே குண்டு பொழிந்ததும் இதன் பொருட்டே. 1957இல் ஆங்கிலேயர் தம் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தனர். ஆனால் நான் இங்கு சொல்ல வந்தது கப்பல்களின் கதையன்று. ஒரு பாட்டின் கதை.

ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருஞானசம்பந்தர் கோணமலைமீது ஒரு பதிகம் பாடினார். மூன்றாம் திருமுறையில் அது இடம்பெற்றுள்ளது. அவர் ஈழத்துக்கு வந்தவரல்லர். இராமேசுவரத்தில் இருந்தவாறே கடலுக்கு அப்பாலுள்ள இத்தலத்தை நினைந்து பாடினார் என்று பெரியபுராணம் கூறும். இரண்டுக்கும் இடையே நூறு மைலுக்கும் அதிகமான தூரம்! கண்ணுக்கு எட்டாத மலை, நெஞ்சுக்கு எட்டிற்று.

பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக்கொண்டே கோட்டை கட்டினர். அதன்பின் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பழைய ஆலயம் இருந்த இடம் வெறும் பாறையாகவே கிடந்தது. ஆயினும் அடியார் அப்பாறையையே கோயிலாக எண்ணி வழிபட்டு வந்தனர். 1950இல் கிணறு தோண்டியபோது பழைய திருவுருவங்கள் சில வெளிப்பட்டன. 1963இல் புதிய ஆலயத்துக்குக் குடமுழுக்கு நடந்தது. கல்லாற் கட்டிய கோயிலை இடிக்க முடிந்தது. பாட்டை எவராலும் இடிக்க முடியவில்லை.

இவ்வுண்மையை நான் ஏட்டிற் கற்கவில்லை. 1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபோது எங்கள் குடும்பம் ஊரைவிட்டுப் புறப்பட்டது. மன்னார்க் கரையில் படகேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமை அடைந்தோம். இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர் ஒரு காலத்தில் தங்கிச் சென்ற இடம் அது. அவர்கள் ஈழத்துக்குப் போகக் காத்திருந்த இடத்தில், நாங்கள் ஈழத்துக்குத் திரும்பக் காத்திருந்தோம்.

என் அம்மம்மா எழுத்தறியாதவர். ஆனால் அந்தப் பதிகம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். முதல் முறையாக எங்களை இராமேசுவரக் கடற்கரைக்கு அழைத்துச் சென்ற அன்று, கிழக்கே பார்த்து நான் அழுதேன். அப்போது எனக்குப் பத்து வயது.

"அழாதை பிள்ளை," என்றார் அம்மம்மா. "இந்தக் கரையிலை இருந்துதான் அந்தக் குழந்தையும் பாடினது. அது எங்கடை மலையைக் காணாமலே பாடினது. நாங்கள் கண்டனாங்கள். எங்களுக்குப் பாட என்ன குறை?"

அன்று தொடங்கி ஒவ்வொரு விடியலிலும் அவர் பாடுவார். அது எங்கள் வீட்டுத் தொட்டிலில் பிள்ளைகளை உறங்க வைத்த அதே மெட்டு. முகாமின் தகரக் கூரையின்கீழ் அதைக் கேட்டுக்கொண்டு கண்விழிக்கும்போது, ஒரு கணம் நான் திருக்கடலூர்க் கடற்கரையில் இருப்பதாகவே தோன்றும். அம்மம்மா ஊர் திரும்பவில்லை, முகாமிலேயே கண்மூடினார்.

பல ஆண்டுகளுக்குப்பின், ஓர் ஆடி மாதத்தில், நான் சுவாமி மலையில் ஏறி நின்றேன். ஆலயத்தில் ஒருவர் அதே பதிகத்தைப் புறநீர்மைப் பண்ணில், இன்று பூபாளம் என வழங்கும் இராகத்தில், முறைப்படி பாடிக்கொண்டிருந்தார். இனிமையாகத்தான் இருந்தது. ஆயினும் என் ஊர்ப் பாட்டு என் ஊரிலேயே எனக்கு அந்நியமாக ஒலித்தது! இசையறிந்தோர்க்கு அதுவே சரியான பண். எனக்கோ, தாலாட்டு மெட்டில் பாடினாலன்றி அது வீடாகவில்லை. பாறையின் ஓரத்துக்குச் சென்று, எவருக்கும் கேளாதபடி, அம்மம்மாவின் மெட்டிலேயே பாடி முடித்தேன்.

கீழே இறங்கிக் கடற்கரைக்கு வந்தேன். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். தென்மேற்குப் பருவக்காற்றால் மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில், நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர் பலர் இக்கரைக்கு வந்து வாடியமைத்துத் தங்குவது நெடுங்கால வழக்கம். ஒருவர் அம்பாப் பாட்டின் அடியை எடுத்துக் கொடுக்க, மற்றவர் ஒரே குரலில் ஏற்றுப் பாடினர். பாட்டின் தாளத்துக்கே வடம் கரையேறியது. பெண்டு பிள்ளைகளை விட்டு வந்தவர்கள் அவர்கள். பாரத்தை மட்டுமன்றிப் பிரிவையும் அந்தப் பாட்டினால் இழுத்துக் கரை சேர்க்கிறார்கள் என்றே எனக்குப் பட்டது.

இது நமக்கு மட்டும் உரிய அனுபவமன்று. பர்மாவின் வடக்கே காச்சின் மலைநாட்டில் 2011இல் போர் மீண்டும் மூண்டபோது பல்லாயிரவர் வீடிழந்தனர். முகாம்களிலும் பிற நாடுகளிலும் வாழும் அம்மக்களுக்குத் தம் மொழிப் பாடல்களே துணை. உடைமை யாவும் போன பின்னரும், நாவில் இருப்பதை யார் பறிக்க முடியும்?

வலையிழுக்க இயந்திரம் வந்த இடங்களில் அம்பாப் பாட்டுக்கு வேலை குறைந்துவிட்டது. ஆகவே, மாணவர்களே, திருகோணமலைக்குச் சென்றால் கோயிலையும் கன்னியா வெந்நீரூற்றையும் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். கரையில் அமர்ந்து வலை பின்னும் முதியவர் ஒருவரிடம் ஒரு பாட்டைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் பாடும் மெட்டையும் மறவாமல் மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள். சொற்களை ஏட்டிலே தேடிக்கொள்ளலாம்; அம்மம்மாவின் மெட்டு எந்த ஏட்டிலும் இல்லை.