தளர்ந்த கயிறு

மதுரையிலிருந்து அழகர்கோயில் செல்லும் சாலையை அடுத்ததோர் சிற்றூரில் யாம் பிறந்தோம். ஆங்கு எம் தோட்டக் கிணறு கோடையில் வற்றியதும் தூர் வாருதல் வழக்கம். எந்தையார் உள்ளிறங்கி மண்ணை வெட்டிக் கூடையில் நிரப்புவார். மேலிருப்போர் அதனை இழுப்பர். கிணற்றினுள் எழும் குரல் எதிரொலியிற் குழம்புமாதலின், குறிக்கயிறு ஒன்றும் கீழிருந்து மேலே வரும். அதனைப் பிடித்திருப்பது 12 வயதினராகிய எம் பணி. "தம்பி, கயிறு விறைப்பாக இருக்கட்டும், நான் அசைத்தால் உடனே சொல்" என்பது எந்தையார் கட்டளை.

ஒரு சித்திரையில், அழகர் மலைக்கு மீண்ட மறுநாள், திருவிழா கண்டு திரும்பும் வண்டிகள் சாலையில் வரிசையாகச் சென்றன. அவற்றை நோக்கிநின்ற எம் கையிற் கயிறு தளர்ந்தது. பக்கச் சுவர் நெகிழ்வது கண்ட எந்தையார் கயிற்றை அசைத்தார். அவ்வசைவு எம்மை எய்தவில்லை. பெயர்ந்த கல்லொன்று அவர் தோளில் வீழ்ந்தது. அதன்பின் அக்கையை அவர் தலைக்குமேல் உயர்த்தியதில்லை, எம்மைக் கடிந்ததுமில்லை.

பின்னர்க் கல்லூரியிற் பௌதிகம் பயின்றபோது, ஆசிரியர் நீண்ட கயிறொன்றைக் கப்பியின்மேல் இட்டு, நுனியில் எடை தொங்கவிட்டுத் தட்டச் சொன்னார். வன்மையாகத் தட்டின் அலை விரைந்தோடும் என எண்ணினோம். அலை உயர்ந்ததேயன்றி விரையவில்லை. எடையைக் கூட்டியபோதே விரைந்தது. இழுவிசை மிகுந்த கயிறு, விலகிய தன் பகுதியை விரைவில் மீட்டிழுக்கிறது. அண்டைப் பகுதியும் உடனே அசைகிறது. கயிறு கனத்ததாயின் அசைவு தாமதிக்கும். மீட்டருக்கு 100 கிராம் எடையுள்ள கயிற்றை 1 கிலோகிராம் பாரம் இழுப்பின், அலை நொடிக்கு ஏறக்குறைய 10 மீட்டர் செல்லும். அதனை இரட்டிக்க 2 கிலோகிராம் போதாது; 4 கிலோகிராம் வேண்டும். மும்மடங்காக்க 9 வேண்டும். வீணையின் பிரடையை முறுக்கச் சுருதி உயர்வதும் இவ்விதியாலேயே. பிரெஞ்சு நாட்டு மெர்சென் என்பார் 1636-இல் வெளியிட்ட நூலில், தந்தியின் சுருதி குறித்து இவ்வர்க்கமூல விதியைக் கூறினார்.

விடுமுறையில் இக்கணக்கை எந்தையாரிடம் விளக்கினோம். விளக்குங்கால் எம் குரல் தழுதழுத்தது. அவர் முழுதும் கேட்டார். பின் பரணிலிருந்த குறிக்கயிற்றை எடுத்துவரச் செய்து, "நாளை தூர் வாருகிறோம், இதை நீயே பிடி" என்றார்.