யார் வர்றாங்க?

திருப்பூரில் சனிக்கிழமை என்றால் சம்பள நாள். பனியன் கம்பெனிகளில் பெரும்பாலும் வாரக்கூலிதான். சாயங்காலம் சம்பளச் சீட்டு அச்சாகி வர வேண்டும், கவரில் பணம் போட வேண்டும், ஆட்கள் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். சில வருடங்களுக்கு முன் அப்படியொரு சனிக்கிழமையில் எங்கள் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையின் வாடிக்கையாளர் ஒருவரின் கம்பெனியில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் பாதிச் சீட்டில் நின்றுபோனது. “தம்பி, வியாழக்கிழமையே சொன்னமுங்களே, ஒருத்தரும் எட்டிப் பாக்கலீங்களே?” என்றார் முதலாளி. பின்னால் ஆட்கள் முணுமுணுப்பது போனில் கேட்டது.

சொல்லியிருந்தார்தான். வாட்ஸ்அப் குழுவில் நாற்பது நொடிக் குரல் பதிவு. எங்களில் மூன்று பேர் அதைக் கேட்டிருந்தோம். மூன்று பேருமே ‘அவன் போவான்’ என்று இருந்துவிட்டோம்.

அதுவரை எங்களிடம் இருந்தது ஒரு நீள நோட்டு. தேதி, கம்பெனி, புகார், போன ஆள், கடைசிக் கட்டத்தில் ‘முடிந்தது’. அந்தக் கடைசிக் கட்டத்தில் பாதி இடங்களில் ‘நாளை’ என்றுதான் இருக்கும். எந்த நாளை என்பதை எழுதியவனே சொல்ல முடியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, புகார்களைப் பதிந்து பின்தொடரும் ஹெல்ப்டெஸ்க் மென்பொருள் தேட ஆரம்பித்தேன்.

முதலில் பார்த்தது விலைதான். இந்தத் தொழிலில் விலை ஒரு கம்பெனியையே பிறக்க வைத்திருக்கிறது. 2010இல் ஹெல்ப்டெஸ்க் மென்பொருள் விற்கும் ஜெண்டெஸ்க் கட்டணத்தை ஏற்றியதும் வாடிக்கையாளர்கள் கொதித்துப் போனார்கள். அதைப் பார்த்துத்தான், ஜோஹோவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கிரீஷ் மாத்ருபூதம் வெளியே வந்து ஷான் கிருஷ்ணசாமியோடு சேர்ந்து சென்னையில் ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார். 2021இல் அது நாஸ்டாக் வரை போனது. ஜோஹோ டெஸ்க்கும் நம்ம ஊர்ச் சரக்குதான். அதனால் தேர்வு சுலபம் என்று நினைத்தேன்.

அப்படி இல்லை. ‘ஏஜென்ட் ஒருவருக்கு மாதம் இவ்வளவு’ என்பதில் யார் ஏஜென்ட்? சர்வீஸுக்குப் போகிற பையன்கள் ஐந்து பேர், நான் ஒருவன். பில் போடும் அக்கா எந்த வேலை முடிந்தது என்று தினமும் ஒருமுறை பார்த்தால் போதும். பல திட்டங்களில் அவருக்கும் ஒரு முழு ஏஜென்ட் இடம் வாங்க வேண்டும். பெரிய எழுத்தில் போட்டிருக்கும் தொகையும் வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினால்தான். மாதாமாதம் கட்டினால் வேறு கணக்கு. அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. அது பிறகு உள்ளீட்டு வரியாகக் கழிந்துவிடும் என்றாலும் முதலில் கையிலிருந்து போக வேண்டும். டாலரில் பில் போடும் வெளிநாட்டுக் கம்பெனி என்றால் வரியை ரிவர்ஸ் சார்ஜில் நாமே கட்ட வேண்டும் என்று ஆடிட்டர் எச்சரித்தார். சின்னக் கடைக்கு அந்தத் தலைவலி வேண்டாம்.

இலவசம் இருக்கிறதே என்று அந்தப் பக்கம் போனேன். ஓஎஸ்டிக்கெட், ஃப்ரீஸ்கவுட் இரண்டும் பிஎச்பியில் எழுதியவை, சின்ன சர்வரிலேயே ஓடும். ஸமாட் அழகானது, ஆனால் எலாஸ்டிக்சர்ச்சோடு ஓட்டினால் அந்தச் சின்ன சர்வருக்கு மூச்சு வாங்கும். இந்த வகையில் ஒன்றை நிறுவி ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டினோம். நன்றாகவே ஓடியது. ஒருநாள் காலை டிக்கெட்டே, அதாவது புகார்ப் பதிவே, வரவில்லை. ‘பரவாயில்லை, அமைதியான நாள்’ என்று டீ குடித்தேன். மறுநாளும் அமைதி. மின்னஞ்சலை வெறும் கடவுச்சொல் கொடுத்து எடுக்கும் பழைய வழியை அஞ்சல் நிறுவனம் அடைத்துவிட்டிருந்தது. பல மாதங்களாக அறிவிப்பு வந்துகொண்டிருந்தது, நான்தான் படிக்கவில்லை. ஊருக்கெல்லாம் சர்வர் பார்க்கிறவன் தன் சர்வரைப் பார்ப்பதில்லை. லைசென்ஸுக்குக் கட்டாத பணத்தை என் ராத்திரித் தூக்கத்தில் கட்டினேன்.

இப்போது யாராவது டெமோ காட்ட வந்தால் டாஷ்போர்டை நான் பார்ப்பதில்லை. ‘கெமிக்கல் ரூம் கேமரா தெரியவில்லை, கொஞ்ச நேரம் தெரிந்து போகிறது’ என்று தமிழில் ஒரு புகார் தட்டி, அதை பிடிஎஃப் ஆக எடுக்கச் சொல்வேன். சிலவற்றில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், துணைக்கால் தனியாக நடக்கும். அந்தத் தாளில் வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்க முடியாது. அடுத்தது செல்போன். பையன் வண்டியை ஓரங்கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே, அரை நிமிடத்துக்குள் ஒரு டிக்கெட்டை முடித்து வைக்க முடிகிறதா? முடியாதென்றால் அவன் சாயங்காலம் கடைக்கு வந்து ஞாபகத்திலிருந்து எழுதுவான். அது நோட்டைவிட மோசம். கடைசியாக, பழைய டிக்கெட்டுகளையெல்லாம் எக்ஸெலில் எடுத்துக்கொண்டு வெளியேற முடியுமா என்று கேட்பேன். இந்தக் கேள்விக்கு ஆள் சிரித்து மழுப்பினால் டீ கொடுத்து அனுப்பிவிடுவேன்.

காசு கொடுத்து ஒன்றை வாங்கிய முதல் மாதம் நான் ஆர்வத்தில் நாற்பது வகைப் பிரிவு போட்டேன்: பிரிண்டர்-ஹெட், பிரிண்டர்-ரிப்பன், பிரிண்டர்-கேபிள் என்று. பையன்கள் எல்லாவற்றுக்கும் ‘மற்றவை’ என்று தட்டினார்கள். இப்போது ஏழு பிரிவு. அதில் ‘யுபிஎஸ்’ மட்டும் வைத்தே பேட்டரி மாற்றும் வியாபாரம் நடக்கிறது. எந்தக் கம்பெனி மூன்று மாதத்தில் நான்கு முறை கூப்பிட்டது என்று ஏஎம்சி (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) புதுப்பிக்கும்போது எடுத்துக் காட்ட முடிகிறது. மென்பொருளுக்குக் கொடுக்கும் காசு அங்கேதான் திரும்பி வருகிறது.

இன்று நாங்கள் வைத்திருப்பது காசு கொடுத்து வாங்கியது, நடுத்தரமானது. பாதி வசதிகளைத் தொட்டதே இல்லை. வாடிக்கையாளருக்கென்று உள்ளே நுழையும் பக்கம் ஒன்றும் அதில் இருக்கிறது. ஒருவரும் நுழைவதில்லை. எல்லோரும் போன்தான் பண்ணுகிறார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே நான் தட்டிவிடுகிறேன்.

அந்தச் சனிக்கிழமை முதலாளிக்கு முதல் டிக்கெட் எண் குறுஞ்செய்தியாகப் போனபோது உடனே கூப்பிட்டார். “தம்பி, நம்பரெல்லாம் எனக்கெதுக்குங்க? யார் வர்றாங்க, எப்ப வர்றாங்க, அதச் சொல்லுங்க.” “சரிங்ணா” என்று சொல்லிவிட்டு அன்றே செய்தியை மாற்றினேன். எண்ணை எடுத்துவிட்டு, பையனின் பெயரும் வரும் நேரமும் மட்டும். அதைச் செய்ய அமைப்புகளுக்குள் அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது.