திரை இருண்டபோது



பாபநாசத்தை அடுத்துக் குடமுருட்டிக் கரையிலுள்ள எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில், தொழுகை நேரங்களைக் காட்டும் திரை ஒன்று உண்டு. உள்ளங்கையளவு லினக்ஸ் பலகையால் இயங்கும் அதனை அமைத்தவன் நான். பழைய பலகை பழுதாகிவிடவே, ரமளானுக்கு மூன்று நாள்களுக்கு முன் புதியது வாங்கிப் பொருத்தினேன். திரை ஒளிரவே இல்லை. “கடைக்காரர் கெட்ட பொருளைத் தந்துவிட்டார்” என்று ஜமாஅத்தார் முன்னிலையில் கூறிவிட்டேன்.

அன்றிரவு இஷாவுக்குப் பின், பலகையின் சீரியல் முனையில் மூன்று கம்பிகளை இணைத்து மடிக்கணினியில் பார்த்தேன். யூ-பூட் தன் பணியை முடித்து, கெர்னலைத் தொடங்குவதாக அறிவித்தது. அதன்பின் ஓரெழுத்தும் இல்லை.

அருகிலிருந்த அத்தா சொன்னார்: “கடைமடைக்குத் தண்ணி வரலேன்னா வயல்ல நின்னு என்ன செய்ய? மதகு மதகா மேலே போய்ப் பாரு தம்பி.”

கெர்னல் தொடக்கம் முதலே செய்திகளை எழுதுகிறது. ஆனால் கன்சோல் தயாராகும்வரை அவை நினைவகத்திலேயே தேங்கி நிற்கும். அதற்குள் கெர்னல் வீழ்ந்தால் நமக்கு மௌனமே மிஞ்சும். தொடக்கக் கட்டளை வரியில் ‘எர்லிகான்’ என்று சேர்த்தால் அச்செய்திகள் முன்னதாகவே சீரியல் வழியே வெளிப்படும். சேர்த்தேன். சில வரிகள் ஓடி நின்றன. நினைவகம் 512 எம்பி என்று அவை காட்டின. புதிய பலகையில் இருந்ததோ 256 எம்பி. பழைய பலகைக்காக நானே எழுதிய அளவை அப்படியே நகலெடுத்திருந்தேன். இல்லாத இடத்தில் எழுத முயன்று கெர்னல் வீழ்ந்திருக்கிறது. அந்த ஒரு சொல்லை நீக்கினேன், திரை ஒளிர்ந்தது. என் முகம்தான் இருண்டது.

2004 ஜனவரியில், செவ்வாய்க் கோளில் நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி மீண்டும் மீண்டும் தொடங்கி வீழ்ந்துகொண்டிருந்தது. ஃபிளாஷ் நினைவகத்தைத் தொடாமல் அதனைத் தொடங்கச் செய்த பொறியாளர்கள், அங்கு கோப்புகள் பெருகியதே காரணம் எனக் கண்டு மீட்டனர். அவ்வளவு தொலைவிலிருந்ததை அவர்கள் சோதித்து அறிந்தார்கள். நானோ கையிலிருந்ததைச் சோதிக்காமலே தீர்ப்புக் கூறினேன்.

ஊகங்களையும் புறம்பேசுதலையும் விலக்குமாறு ஸூரத்துல் ஹுஜுராத்தின் 12-ஆம் வசனம் நம்மை எச்சரிக்கிறது. மறுநாள் ஃபஜ்ருக்குப் பின், தவறு என்னுடையதே என்று ஜமாஅத்தாரிடம் ஒப்புக்கொண்டேன். பின்னர் கும்பகோணம் சென்று கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவருக்குச் செய்தியே எட்டியிருக்கவில்லை. “இதுக்காகவா வந்தீங்க பாய்? டீ குடிச்சுட்டுப் போங்க” என்றார்.

அல்லாஹ் நம் நாவுகளைக் காப்பானாக. ஆமீன்.