சிவப்பு மணி செய்யும் ஊர்

குஜராத்துக்குப் போகிறவர்கள் துவாரகை, சோமநாதபுரம், அகமதாபாத் என்று ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு பாந்தனி புடவையும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கம்பாத் என்ற ஊரை யாரும் சொல்வதில்லை. பழைய புத்தகங்களில் 'காம்பே' என்று வருமே, அதேதான். மணிமாலையில் ஆசையுள்ள பெண்கள் ஒரு நாள் ஒதுக்கிப் பார்க்க வேண்டிய ஊர் இது. நாலாயிரம் வருஷத்துக்கு மேலாக அந்த வட்டாரத்தில் கல்லைத் துளைத்து மணி செய்துகொண்டிருக்கிறார்கள்.

பால் பண்ணைக்குப் பேர் போன ஆனந்தில் இறங்கிவிட்டால், அங்கிருந்து கிளைப் பாதையில் ரயில் உண்டு. சுமார் 50 கிலோமீட்டர். வழியெல்லாம் புகையிலையும் வாழையும். பரோடாவில் இருக்கும் என் நாத்தனார் துணைக்கு வந்தாள். அவளுக்குக் குஜராத்தி தண்ணீர் பட்ட பாடு. எனக்கு "கெம் சோ பென்"னோடு சரி!

துறைமுகம் என்று நினைத்துக்கொண்டு போனால் கடலைத் தேட வேண்டியிருக்கிறது. மார்க்கோ போலோ எழுதிய காம்பே, இப்னு பதூதா வந்து தங்கிய காம்பே, கப்பல்கள் வரிசை கட்டி நின்ற ஊர். மஹி நதி கொண்டுவந்து கொட்டிய வண்டலில் துறைமுகம் தூர்ந்துபோய்விட்டது. நீர் வடியும் நேரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் சேறுதான். ஊருக்குள் 1325-ல் கட்டிய ஜும்மா மசூதி நிற்கிறது. அதன் தூண்களைப் பார்த்தாலே அந்தக் காலத்துச் செல்வம் தெரியும். கப்பல் போனாலும் மணித் தொழில் போகவில்லை. 'அகீக்' என்று யாரைக் கேட்டாலும் வழி சொல்கிறார்கள்.

அகீக் என்றால் அகேட் கல். அதில் சிவப்பாக இருப்பதைத்தான் நம் ஊரில் சூதுபவளம் என்கிறோம். பவளம் என்று பெயரில் இருந்தாலும் இதற்கும் கடல் பவளத்துக்கும் சம்பந்தமில்லை. அது உயிரினம் கட்டுவது, மிருதுவானது. இது பூமியிலிருந்து தோண்டியெடுக்கும் கல். கண்ணாடியையே கீறிவிடும் அளவுக்குக் கெட்டி.

கல் கம்பாத்தில் கிடைப்பதில்லை. நர்மதைக்குத் தெற்கே, பரூச் ஜில்லாவில் ரத்தன்பூர் என்ற ஊரின் சுற்றுப்புறத்தில் குழி தோண்டி எடுக்கிறார்கள். அங்கே குன்றின் மேல் பாபா கோர் என்ற பெரியவரின் தர்கா இருக்கிறது. எத்தனையோ தலைமுறைக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சித்தி வம்சத்தார் அவரைக் கொண்டாடுகிறார்கள். அகீக் தொழிலுக்கும் அவர்தான் காவல். அந்தக் குன்றில் இருந்த ஒரு பெண் பூதத்தை அவரால் அடக்க முடியவில்லையாம். அவருடைய சகோதரி மாயி மிஸ்ரா வந்துதான் அடக்கினாராம். நாத்தனார் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, "பாத்தீங்களா அண்ணி, கடைசியிலே பொம்பளைதான் வரவேண்டியிருக்கு" என்றாள்.

தோண்டியெடுத்த கல்லைப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். பழைய உருளைக்கிழங்கு மாதிரி, தோலும் மண்ணுமாக, மங்கலான பழுப்பு நிறம். இது எப்படிச் செக்கச்செவேல் என்று ஆகிறது? சமையல் தெரிந்தவர்களுக்குச் சட்டென்று புரிந்துவிடும். முதலில் வெயிலில் நன்றாகக் காய வைக்கிறார்கள். ஈரம் இருந்தால் சூட்டில் கல் வெடித்துவிடும். பிறகு மண் சட்டியில் வைத்து, மரத்தூளோ வறட்டியோ போட்டு மூட்டம் போடுகிறார்கள். தணல் எரியக் கூடாது, கனிய வேண்டும். ஆறுகிற வரையில் திறக்கக் கூடாது. கல்லுக்குள் இருக்கிற இரும்புச் சத்து அந்தச் சூட்டில் சிவந்துகொள்கிறது. ஒரே தடவையில் நிறம் ஏறாத கல்லை மறுபடியும் மூட்டத்தில் போடுவார்கள். சூடு பட்ட கல் உடைக்கவும் சுலபமாக இருக்குமாம்.

உடைப்பதைத்தான் நான் வெகு நேரம் நின்று பார்த்தேன். தரையில் ஒரு கூரான இரும்புக் கம்பியைச் சாய்வாக அடித்து வைத்திருக்கிறார்கள். கல்லை அந்த முனையில் அணைத்துப் பிடித்துக்கொண்டு, மறுபக்கம் ஒரு சுத்தியலால் தட்டுகிறார் பெரியவர். சுத்தியலின் தலை எருமைக் கொம்பு. பிடியோ மெல்லிய குச்சி. இரும்புச் சுத்தியலால் அடித்தால் கல் நொறுங்கிவிடும், கொம்பு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். டக், டக்கென்று ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சில்லு பறக்கிறது. வெண்டைக்காய் நறுக்குகிற நேரத்தில் முரட்டுக் கல் நீள்வட்ட மணியாகிவிடுகிறது. அடுத்தது சாணை பிடித்து வழவழப்பாக்குவது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், சொல்ல நிறைய இருக்கிறது.

துளை போட இப்போது மின்சாரக் கருவிகள் வந்துவிட்டன. பெரியவர் எங்களுக்காகப் பழைய வில்லை எடுத்துக் காட்டினார். எஃகுக் கம்பியின் நுனியில் கடுகிலும் சின்னதாக இரண்டு வைரத் துணுக்குகள். மணியை மரக் கிட்டியில் இறுக்கி, கம்பியை வில்லின் கயிற்றில் சுற்றி இழுத்தால் தயிர் கடைகிற மாதிரி சுழல்கிறது. மேலே தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே இருக்க வேண்டும். பாதி வரை ஒரு பக்கம், பிறகு திருப்பி மறு பக்கம். இரண்டு துளையும் நடுவில் சந்திக்க வேண்டும். கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் கை சொல்கிற கணக்கு அது.

வைரம் வருவதற்கு முன்னால் சிந்துவெளிக் காலத்தவர் ஒரு கடினமான கல் ஊசியாலேயே துளைத்தார்கள். கராச்சிக்குப் பக்கத்தில் அல்லாதினோ என்ற இடத்தில் 36 நீள மணிகள் கோத்த ஒட்டியாணம் ஒன்று அகப்பட்டிருக்கிறது. அப்படி ஒன்று செய்ய 480 வேலை நாட்களாவது பிடித்திருக்கும் என்று, கம்பாத் கைவினைஞர்களோடு பழகி ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர் ஜொனாதன் மார்க் கெனோயர் கணக்கிட்டார். கம்பாத் போகிறவர்கள் லோத்தலையும் பார்த்துவிட்டு வரலாம். அங்கே 1955 முதல் எஸ்.ஆர். ராவ் நடத்திய அகழ்வில் மணிப் பட்டறையும் உலையும் கிடைத்தன.

நமக்கும் இதில் பங்கு உண்டு. ஈரோடு ஜில்லாவில் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் சங்க காலத்து மணிப் பட்டறைகள் கிடைத்திருக்கின்றன. ஒரே ஈமக்குழியில் 2,000-க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன. பச்சைக் கல்லும் பளிங்கும் அந்தப் பக்கத்திலேயே கிடைக்கும். சூதுபவளம் மட்டும் குஜராத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. பாருங்கள், ரயில் இல்லாத நாளிலேயே இந்தச் சிவப்புக்கு நம் பெண்கள் ஆசைப்பட்டிருக்கிறார்கள்!

இப்போது சாணைக்கு வருகிறேன்.

மின்சாரத்தில் சுழலும் சாணைச் சக்கரத்தில் கல்லை வைத்தவுடன் மாவு மில்லில் பறப்பது போல வெள்ளைத் தூசி எழும்புகிறது. சாணை பிடிப்பவரின் புருவம், தலைமுடி, சட்டை எல்லாம் வெள்ளை. அந்தத் தூசிதான் சிலிக்கா. கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கிலேயே தங்கிவிடும். தெரியாத நுண்தூசிதான் நுரையீரலின் அடி வரை போய், தழும்பு தழும்பாகக் கட்டிவிடுகிறது. சிலிகோஸிஸ் என்று பெயர். கட்டின தழும்பைக் கரைக்க மருந்து கிடையாது. வேலையை விட்ட பிறகும் சிலருக்கு அது வளர்ந்துகொண்டே போகும். காசநோயும் சுலபமாக வந்து ஒட்டிக்கொள்ளும். இருமலும் இளைப்பும் ஒன்றுபோல இருப்பதால், காசநோய் என்று மட்டும் நினைத்து மாத்திரை சாப்பிட்டுக் காலம் கடத்துபவர்களும் உண்டு.

அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தார் கம்பாத்தில் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். சாணை பிடிப்பவர்களுக்கு மட்டுமல்ல, அதே வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் இருப்பவர்களுக்குக்கூட இந்த நோய் இருந்தது தெரியவந்தது. காரணம் புரிகிறதல்லவா? பட்டறையென்று தனியே இல்லை. வாசலில் சாணை, உள்ளே அடுப்பு, நடுவே தொட்டில்.

மணிகளை நிறம் பார்த்துப் பிரித்துக் கோக்கும் ஒரு மூதாட்டியிடம் உட்கார்ந்து பேசினோம். நாத்தனார் அவரை "பா" என்று கூப்பிட்டாள். அங்கே அம்மாவையும் வயதான பெண்களையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். அவருடைய கணவர் சாணை பிடித்தவர். மூச்சு முட்டி மூட்டியே போய்விட்டாராம். மகனை அந்த வேலைக்கு விடவில்லை. ஆனால் அவர் மட்டும் மணி கோத்துக்கொண்டுதான் இருக்கிறார். விரல் நிற்காமல் பேசினார்.

"இதெல்லாம் தெரிஞ்சப்புறம் மணி வாங்கவே மனசு வரலைன்னு சொல்லு" என்றேன் நாத்தனாரிடம். அவள் மொழிபெயர்த்ததும் அந்த அம்மாள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க வாங்காட்டி நாங்க என்னத்தைச் சாப்பிடறதாம்னு கேக்கறாங்க அண்ணி. வாங்குங்க, ஆனா தண்ணி விட்டுச் சாணை பிடிச்சதான்னு கேட்டு வாங்குங்கங்கறாங்க."

தண்ணீர் விட்டு அரைத்தால் தூசி வெகுவாகக் குறையும். தூசியை வெளியே இழுக்கும் விசிறியும் இருக்கிறது. அப்படியானால் எல்லோரும் ஏன் செய்வதில்லை என்று கேட்டேன். மணிக் கணக்கில் கூலி என்றால் நேரக் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள், எத்தனை மணி செய்தாயோ அத்தனைக்குத்தான் காசு. தண்ணீரில் கை நழுவும், உருவம் தெரியாது, வேலை ஓடாது. விசிறிக்குக் கரண்டுச் செலவு. மூக்கில் கட்டிக்கொள்ளும் கைக்குட்டையோ இந்த நுண்தூசியைத் தடுக்காது. ஒரு மாலைக்கு நாம் பேரம் பேசிக் குறைக்கிற பத்து இருபது ரூபாய் கடைசியில் யார் தலையில் விழுகிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அந்த அம்மாளிடம் பேரம் பேசவில்லை. அடுத்து ஏறிய கடையில் சாணை எங்கே, எப்படி என்று கேட்டோம். ஒருவர் தெரியாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னொருவர் உள்ளே அழைத்துப் போய்த் தண்ணீர்க் குழாய் பொருத்திய சக்கரத்தைக் காட்டினார். அவரிடம்தான் வாங்கினேன்.

வாங்கியது கோத்த மாலை இல்லை, உதிரி மணி. வீட்டில் நாமே கோத்துக்கொண்டால் நம் இஷ்டப்படி அமையும். 8 மில்லிமீட்டர் மணியில், கழுத்தையொட்டிக் கொஞ்சம் இறங்கும் 45 சென்டிமீட்டர் மாலைக்குச் சுமார் 50 மணி போதும், ஒவ்வொரு மணிக்கும் நடுவே ஒரு முடிச்சு போடுவதாக இருந்தால். முடிச்சு அவசியம் போடுங்கள். கல் மணியின் துளை ஓரம் கூராக இருக்கும், நூலை அறுத்துவிடும். முடிச்சு இருந்தால் மணியோடு மணி உரசாது, அறுந்தாலும் ஒன்றுதான் விழும். கெட்டியான பட்டு நூலோ நைலான் நூலோ மாலை நீளத்தைப்போல் ஐந்து மடங்கு எடுத்து, இரண்டாக மடித்து, தேன்மெழுகு தடவிக்கொள்ளுங்கள். முடிச்சை இறுக்கும்போது வளையத்துக்குள் ஓர் ஊசியை விட்டு மணிக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு வந்து, பிறகு ஊசியை உருவுங்கள். முதல் பத்து முடிச்சு கோணலாகத்தான் வரும், அப்புறம் கை பழகிவிடும்.

கோப்பதற்கு முன் மணிகளை ஒரு துருக்கித் துண்டின் மடிப்பில் வரிசையாக வைத்துப் பாருங்கள், உருளாது. ஒரே சிவப்பு என்று நினைக்கும் மணிகளில் தேன், செங்கல், மாதுளை என்று எத்தனை நிறம்! ஆழ்ந்த நிறத்தை நடுவிலும் வெளுத்ததைப் பிடரிப் பக்கத்திலும் வைத்தால் முகத்துக்கு எடுப்பாக இருக்கும். பழைய தங்கக் குண்டு நாலைந்து இருந்தால் ஏழு மணிக்கு ஒன்று கோக்கலாம். முத்தும் சேரும். பவளத்தோடு மட்டும் சேர்க்காதீர்கள், இரண்டு சிவப்பும் ஒன்றையொன்று கெடுக்கும். இது என் அபிப்பிராயம். என் நாத்தனார் ஒப்புக்கொள்ளவில்லை.

துளை அடைத்திருந்தாலோ ஓரம் முரடாக இருந்தாலோ, வீட்டில் உலர்ந்த கல்லை அரத்தால் ராவ வேண்டாம். கிண்ணத்துத் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்துத்தான் தேய்க்க வேண்டும். சாணை பற்றிச் சொன்னதெல்லாம் நம் சமையல் மேடைக்கும் பொருந்தும். கைக்குழந்தை உள்ள வீட்டில், குழந்தை தூங்கும்போது மட்டும் இந்த வேலையை எடுங்கள். முடித்ததும் மணிகளை எண்ணி டப்பாவில் மூடிவிடுங்கள். 8 மில்லிமீட்டர் மணி மூச்சுக்குழாயை அடைக்கப் போதும். மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டுவிட்டால் ஹேர்பின்னால் நோண்டாதீர்கள், இன்னும் உள்ளே போகும். நேரே டாக்டரிடம் போய்விட வேண்டும். அழகாக இருக்கிறதே என்று குழந்தையின் கழுத்தில் மணிமாலை போட்டுத் தூங்க வைக்கவும் வேண்டாம்.

கம்பாத்துக்குப் போனால் இன்னொன்று: அல்வாசன் என்று ஒரு பால் இனிப்பு அங்கே பிரசித்தம். தட்டையாக, பழுப்பு நிறத்தில், மேலே பருப்பு பதித்து இருக்கும். மணிக் கடைகளில் அலைந்த அலைச்சலுக்கு நானும் நாத்தனாரும் ரயிலிலேயே ஒரு டப்பாவைக் காலி செய்துவிட்டோம். நூல் போலச் சன்னமான சுத்தர்ஃபேணியைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்க முடிந்தது.