ஒன்றரை அடி தூரம்

கல்முனையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் கரையோரச் சாலையில் காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பள்ளிவாசல் மினாராவும் கோயிற் கோபுரமும் மாறிமாறிக் கண்ணிற் படும். தம்பிலுவிலைக் கடந்தால் திருக்கோவில். சித்திரவேலாயுத சுவாமி கடலருகே கோயில் கொண்டிருக்கும் தலம். ஆடி அமாவாசைத் தீர்த்தத்தன்று, தந்தையை இழந்தோர் விரதமிருந்து இங்கே சமுத்திரத்தில் மூழ்குவர். நாமும் ஆண்டுதோறும் செல்கிறோம். சென்ற முறை எம்முடன் ஒரு பழைய கமராவும் வந்தது.

அது எம் தந்தையாருடையது. யப்பானிய நிக்கா கமரா. அதில் நிக்கோர் 50 மில்லிமீற்றர் வில்லை. 1950இல் கொரியப் போரைப் படமெடுக்கச் சென்ற அமெரிக்கர் டேவிட் டக்ளஸ் டங்கன் பயன்படுத்தியதால் உலகறிந்தவை நிக்கோர் வில்லைகள். கமராவின் அமைப்போ 1932இல் ஜேர்மனியின் லைக்கா காட்டிய வழியைப் பின்பற்றியது. சிறு சாளரத்தினூடே நோக்கினால் ஒரே பொருள் இரண்டாகத் தெரியும். வில்லையைத் திருகத் திருக அவ்விரண்டும் நெருங்கி ஒன்றாகும். ஒன்றானவுடன் படம் தெளிவாக விழும் என்பது பொருள். இதனைத் தூரமானி என்பர்.

ஆனால் இத்தூரமானிக்கும் ஓர் எல்லை உண்டு. மூன்றரை அடிக்குக் கிட்டிய பொருளை அது அளக்காது. அக்காலத்து லைக்கா வில்லைகள் பெரும்பாலும் ஏறத்தாழ அந்தத் தூரத்திலேயே நின்றுவிடும். நிக்கோரோ அங்கே மெல்ல ஒரு ‘டிக்’ ஓசை எழுப்பிவிட்டு, மேலும் ஒன்றரை அடி வரை திரும்பும். அதன் பின் சாளரத்தில் நோக்கிப் பயனில்லை. வில்லை மட்டும் நகரும், தூரமானி அசையாது. அளவு நாடாவை நம்புவதே வழி. அதிலும் இடர் உண்டு. ஒன்றரை அடியில் ஒளித்துவாரத்தை முற்றாகத் திறந்தால் தெளிவாக விழும் ஆழம் ஒரு சென்ரிமீற்றர்கூட இல்லை. 8 என்னும் எண்ணுக்குச் சுருக்கினாலும் ஏறத்தாழ இரண்டரை சென்ரிமீற்றர்தான். போதாக்குறைக்கு, சாளரம் வில்லைக்கு ஓரங்குலத்துக்கும் மேலான உயரத்தில் இருப்பதால், நாம் காண்பது வேறு, படச்சுருள் காண்பது வேறு. தூரத்துக் காட்சியில் இது பொருட்டன்று. கால் மீற்றர் அகலமே விழும் கிட்டத்துப் படத்திலோ தலை வெட்டுப்பட்டுவிடும்.

எம் தந்தையார் நாடாவை நம்பவில்லை. வலை பின்னும் நூலில் ஒரு துண்டெடுத்து, கமராவின் வார்வளையத்திற் கட்டி, மூன்றடி, இரண்டடி, ஒன்றரை அடி என மூன்று முடிச்சுகள் இட்டிருந்தார். பூவையோ பூச்சியையோ எடுக்கும்போது எவரையேனும் நூல் நுனியைப் பிடிக்கச் சொல்வார். பெரும்பாலும் அவ்வேலை எமக்கே வாய்க்கும். கை ஆடினால் ஏச்சும் கிடைக்கும்.

2004 டிசம்பர் 26, ஞாயிறு, பௌர்ணமி. அன்று இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம். தந்தையாரும் வீடும், அவர் எடுத்த படங்கள் அனைத்தும் போயின. எப்போதும் கமராவுக்குப் பின்னாலேயே நின்றவர். அவரைப் படமெடுத்தார் எவருமிலர். கமரா மட்டும் தப்பியது. மசகு இறுகிவிட்டதென்று அதனை அக்கரைப்பற்றில் மணிக்கூடு திருத்தும் ஒரு முஸ்லிம் பெரியவரிடம் கொடுத்திருந்தார். சில கிழமைகள் கழித்து அப்பெரியவர் நாம் தங்கியிருந்த முகாமைத் தேடிச் சைக்கிளில் வந்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். தோலுறைக்குள் நூலும் இருந்தது. அன்று உறையை மூடியதுதான். பல்லாண்டுகள் நாம் அதனைத் திறக்கவில்லை.

தீர்த்தமாடிய பின், நிந்தவூரிலிருந்து எம்முடன் வந்த ஆசிரிய நண்பரோடு, முன்பு எமது வீடு நின்ற மணலுக்குச் சென்றோம். அத்திவாரம்கூட இல்லை. அடம்பன்கொடி படர்ந்து ஊதாப் பூக்கள் மலர்ந்திருந்தன. கடலோர மணலைக் காற்றுக்குப் போகாமற் பிடித்துவைப்பது இக்கொடியே. வெண்மணலினூடே கருங்கோடுகளாக இல்மனைற்று மணல். இதனை அகழும் முயற்சியை ஊரவர் எதிர்த்தது அண்மைக்கால வரலாறு.

மணலிற் படுத்தோம். ஆடை பாழானதைச் சொல்ல வேண்டியதில்லை. நண்பர் கடைசி முடிச்சைப் பூவின் இதழருகே பிடித்தார்.

“சேர், நூல் தொய்யுது. கொஞ்சம் பின்னுக்குப் போங்க.”

பின்னுக்குச் சென்றோம். நூல் இறுகியது. நண்பர் கையைத் தாழ்த்தினார். கடற்காற்றோ பூவை நிலைத்து நிற்க விடவில்லை. அது ஒரு விரற்கடை ஆடினாலே தெளிவு போய்விடும். காற்று ஓயும்வரை மூச்சை அடக்கிக் காத்திருந்து விசையை அழுத்தினோம். இவ்வாறு ஆறு படங்கள்.

கழுவுவதற்குக் கொழும்புக்கு அனுப்பிய சுருள் திரும்பி வந்தபோது, நான்கு மங்கல். ஒன்றில் பூவின் நுனி மட்டும். எஞ்சிய ஒன்றில் பூ தெளிவாகவே விழுந்திருந்தது. ஆனால் சாளரத்தில் நாம் காணாத கீழ்ப்பகுதியில் நண்பரின் விரல்களும், அவற்றிடையே நூலும் நுழைந்திருந்தன. கெட்டுப்போன படமென்று ஒதுக்கி வைத்தோம்.

அம்மா அதனை எடுத்து மூக்குக் கண்ணாடியருகே பிடித்து நெடுநேரம் பார்த்தார். பூவை அவர் பார்க்கவில்லை.

“இது அப்பாட முடிச்சு, மகன்” என்றார்.

அப்படம் இப்போது அவருடைய சுவாமிப் படங்களின் அருகே இருக்கிறது.